மீன்குஞ்சின் சிறுநீரகத்தில் அயனி கடத்தும் புரதங்கள்: ராமநாதபுரம் கடற்கரையில் ஆய்வு தொடங்குவோருக்கு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் ராமநாதபுரம் மாவட்டத்தைச் சுற்றினால் மூன்று விதத் தண்ணீரைப் பார்த்துவிடலாம். ராமநாதபுரம் பெரிய கண்மாயில் நன்னீர். வைகையின் மிச்சத் தண்ணீர் பாக் விரிகுடாவில் சேரும் ஆற்றங்கரையில் உவர்நீர். தெற்கே வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்காகத் தேக்கிய, கடலைவிட உப்புக் கூடிய நீர். இத்தனை விதத் தண்ணீரில் வாழ்ந்தாலும், எலும்பு மீன்களின் ரத்தத்தில் உப்பின் செறிவு பெரிதாக மாறுவதில்லை. அது ஏறத்தாழ கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு.

நன்னீர் மீனின் உடலுக்குள் தண்ணீர் ஓயாமல் புகுந்துகொண்டே இருக்கும். உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அதனால் அதன் சிறுநீரகம் உப்பை மீட்டுக்கொண்டு, நீர்த்த சிறுநீரை நிறைய வெளியேற்ற வேண்டும். கடல் மீனின் தொல்லை நேர்மாறானது. உடலிலிருந்து தண்ணீர் போகிறது. அதை ஈடுகட்டக் கடல்நீரைக் குடிக்கிறது. குடித்த நீரோடு வந்த சோடியத்தையும் குளோரைடையும் செவுள் வெளியேற்றுகிறது. மக்னீசியத்தையும் சல்பேட்டையும் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிறுநீரின் அளவோ மிகக் குறைவு. இந்த வேலையையெல்லாம் செய்பவை செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் அயனி கடத்தும் புரதங்கள்.

கடல் உயிரியல், மீன்வளம், விலங்கியல் படித்துவிட்டு, மண்டபத்திலோ தொண்டியிலோ ராமேஸ்வரத்திலோ முதல் ஆய்வுத் திட்டத்தைக் கையில் எடுப்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் சிறுநீரகத்தில் இந்தப் புரதங்களைக் கண்ணால் காண்பது எப்படி என்பதுதான் விஷயம். கட்டுரை முழுக்க ஒரே கருத்தைத் திரும்பத் திரும்ப வலியுறுத்துவேன். ஒரு புரதம் இருக்கிறதா என்று கேட்பது பாதிக் கேள்வி. குழலின் எந்தப் பகுதியில், செல்லின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டால்தான் கேள்வி முழுமையாகும்.

முதலில் சிறுநீரகத்தைக் கண்ணால் பாருங்கள்

பாடப்புத்தகப் படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், மீன் சந்தையில் மீனை வெட்டிச் சுத்தம் செய்யும் பெண்கள் அருகில் சிறிது நேரம் நில்லுங்கள். குடலையும் காற்றுப்பையையும் எடுத்த பிறகு, வயிற்றுக் குழியின் மேற்புறத்தில் முதுகெலும்பை ஒட்டி ஒரு கருஞ்சிவப்புப் பட்டை தெரியும். அதை மூடியிருக்கும் மெல்லிய வெண்சவ்வைக் கத்தி முனையால் நீளவாக்கில் கீறுவார்கள். கூழாக இருக்கும் சதையைக் கட்டைவிரல் நகத்தால் வழித்தெடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். ரத்தக்கட்டு என்று கழுவிவிடப்படும் அந்தப் பட்டைதான் சிறுநீரகம். அதன் முன்முனை, அதாவது தலைப்பக்கம் இருக்கும் பகுதி, வளர்ந்த மீனில் பெரும்பாலும் சிறுநீர் வேலையைச் செய்வதில்லை. ரத்த அணுக்களையும் ஹார்மோன்களையும் உண்டாக்கும் இடம் அது. உங்கள் மாதிரியில் அந்தப் பகுதி கலந்துவிட்டால் முடிவுகள் குழம்பும் என்பதால் இப்போதே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

குஞ்சில் இந்தப் பட்டை இருக்காது. மீன் கருவில் முதலில் உருவாவது முன்சிறுநீரகம். பெரிய மீனுக்குரிய இடைச்சிறுநீரகம் பிறகுதான் வளரும். மிக அதிகமாக ஆராயப்பட்ட வரிக்குதிரை மீனில் முன்சிறுநீரகம் என்பது இரண்டே இரண்டு நெஃப்ரான்கள், அதாவது சிறுநீரை உண்டாக்கும் அலகுகள். இரண்டின் குளோமருலஸ்களும் (ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுகள்) நடுக்கோட்டில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அங்கிருந்து இடமும் வலமுமாக இரண்டு குழல்கள் கிளம்பி, முதுகுத்தண்டின் அடியில் வால் நோக்கி ஓடி, மலவாய் அருகே திறக்கும். கரு உருவாகி ஏறத்தாழ 48 மணி நேரத்தில் ரத்த வடிகட்டல் தொடங்கிவிடுகிறது.

குழல் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. தலையிலிருந்து வால் நோக்கிக் கழுத்து, அண்மைச் சுருள் பகுதி, அண்மை நேர் பகுதி, சேய்மை முன்பகுதி, சேய்மைப் பின்பகுதி, நாளம் என்று பிரிந்திருக்கும். அண்மை என்றால் குளோமருலஸுக்கு அருகில், சேய்மை என்றால் தொலைவில். ரெபெக்கா விங்கர்ட், ஆலன் டேவிட்சன் குழுவினர் 2007-இல் எந்தக் கடத்துப் புரதத்தின் மரபணு எங்கே செயல்படுகிறது என்று பார்த்தே வரிக்குதிரை மீனில் இந்தப் பகுதிகளைப் பிரித்துக் காட்டினார்கள். பாலூட்டிகளின் நெஃப்ரானோடு அவை நெருக்கமாகப் பொருந்தின. சேய்மைப் பகுதிகள் இரண்டுக்கும் இடையில் ஸ்டானியஸ் உறுப்பு என்ற சிறு சுரப்பி உருவாகும். அது கால்சியத்தை ஒழுங்குபடுத்துவது. குழலை ஒட்டிய செல் திரளாகத் தெரியும்போது அதைச் சிறுநீரகத் திசு என்று எண்ணிவிடாதீர்கள்.

எந்தப் புரதம் எங்கே

கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். மடை எந்தக் கரையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தண்ணீர் எந்த வயலுக்குப் போகும் என்பது முடிவாகிறது. குழலின் செல்லுக்கும் இரண்டு கரைகள். ஒன்று சிறுநீர் ஓடும் உட்குழியைப் பார்த்த பக்கம். மற்றது ரத்தத்தைப் பார்த்த பக்கம். ஒரே அயனியைக் கடத்தும் புரதம் உட்குழிப் பக்கத்தில் இருந்தால் ஒரு வேலை, ரத்தப் பக்கத்தில் இருந்தால் வேறு வேலை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை சோடியம்-பொட்டாசியம் பம்ப். ஒவ்வொரு சுற்றிலும் செல்லுக்கு ஆற்றல் தரும் ஓர் ஏடிபி மூலக்கூறைச் செலவழித்து, 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். ஜென்ஸ் ஸ்கௌ 1957-இல் இதைக் கண்டறிந்தது நண்டின் கால் நரம்பில். 1997-இல் அதற்காக வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சிறுநீரகக் குழலில் இந்தப் பம்ப் ரத்தப் பக்கத்தில் இருக்கும். செல்லுக்குள் சோடியத்தைக் குறைத்து வைப்பது இதன் வேலை. அந்தக் குறைவைப் பயன்படுத்திக்கொண்டுதான் மற்ற பல புரதங்கள் இயங்குகின்றன.

அண்மைப் பகுதியில் உட்குழிப் பக்கத்தில் என்எச்இ3 என்ற புரதம் இருக்கும். அது ஒரு சோடியத்தை உள்ளே வாங்கி ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே விடும். அதே செல்லின் ரத்தப் பக்கத்தில் பைகார்பனேட்டைச் சோடியத்தோடு சேர்த்துக் கடத்தும் புரதம் இருக்கும். கடல்நீரில் வாழும் மீனில் இந்த அண்மைப் பகுதிக்கு இன்னொரு பெரிய பொறுப்பும் உண்டு. சல்பேட்டையும் மக்னீசியத்தையும் ரத்தத்திலிருந்து எடுத்துச் சிறுநீருக்குள் விடுவது இங்கேதான். ஜப்பானின் பேத்தை மீன் இனங்களில் செய்த ஆய்வுகள் இதில் உட்குழிப் பக்க எஸ்எல்சி26ஏ6 என்ற புரதத்தின் பங்கைக் காட்டியிருக்கின்றன.

சேய்மை முன்பகுதியில் உட்குழிப் பக்கத்தில் என்கேசிசி2. இது ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு அயனிகளை ஒன்றாக உள்ளே எடுக்கும். சேய்மைப் பின்பகுதியில் என்சிசி, சோடியத்தையும் குளோரைடையும் மட்டும் எடுக்கும். உள்ளே வந்த குளோரைடு ரத்தப் பக்கம் போக சிஎல்சி-கே என்ற குளோரைடு வாய்க்கால் உதவும். இந்தப் பகுதியில் தண்ணீர் எளிதில் ஊடுருவாது. உப்பு மட்டும் மீட்கப்படுவதால் சிறுநீர் நீர்க்கிறது. நன்னீரில் பிழைக்க இதுவே முக்கியம். ரத்தக்கொதிப்புக்குத் தரும் தயசைடு மாத்திரை மனிதரில் தடுப்பது இந்த என்சிசியைத்தான். அதன் மரபணு முதன்முதலில் 1993-இல் பிரித்தெடுக்கப்பட்டதும் ஒரு மீனிலிருந்துதான். ஃபிளௌண்டர் என்ற தட்டை மீனின் சிறுநீர்ப்பையிலிருந்து. மீன் சிறுநீரகத்தை ஆராய்வது ஒதுக்குப்புறமான வேலை என்று யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

எந்த மீனைத் தேர்வது

என் பரிந்துரை மொசாம்பிக் திலாப்பியா. இங்கே ஜிலேபி என்றால் எல்லோருக்கும் தெரியும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன் இன்று கண்மாய், ஊருணி, உவர்நீர் என்று எங்கும் பரவியிருக்கிறது. நன்னீரிலும் முழுக் கடல்நீரிலும் வாழும், ஆண்டில் பல முறை முட்டையிடும், முட்டை பெரியது. எல்லாவற்றையும்விட, இதன் உப்புக் கடத்தும் செல்களைப் பற்றி உலகெங்கும் நிறைய வேலை நடந்திருப்பதால் உங்கள் படத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கும். இதே மீனின் சிறுநீரகத்தில்தான், நன்னீருக்குப் பழகிய மீனில் சேய்மைக் குழலின் சிஎல்சி-கே மிகுந்திருப்பதை 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கண்மாயில் பிடித்ததெல்லாம் தூய மொசாம்பிக் இனமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். நைல் திலாப்பியாவோடு கலந்த இனங்கள் பரவலாக உண்டு. தாய் தந்தை இரண்டையும் படமெடுத்து, துடுப்பில் ஒரு சிறு துண்டை ஆல்கஹாலில் போட்டு வையுங்கள்.

கொடுவாயும் நல்ல தேர்வுதான். கடலில் முட்டையிட்டு, நன்னீரிலும் வளரும் மீன். ஆனால் அதன் குஞ்சு மிகச் சிறியது; உயிர் உணவு கொடுத்து வளர்க்கப் பொரிப்பகத்தின் துணை வேண்டும். முதல் திட்டத்துக்கு அந்தச் சுமை வேண்டாம்.

கடல் குதிரையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிகளில் வாழும் இந்த மீனுக்குக் குளோமருலஸ் இல்லை. ரத்தத்தை வடிகட்டாமல், குழல் செல்கள் அயனிகளைச் சுரப்பதன் வழியாகவே சிறுநீர் உண்டாகிறது. நம் பாடத்துக்கு இதைவிடச் சுவையான உயிர் இல்லை. ஆனாலும் தொடக்கூடாது. வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் கடல் குதிரையும் அதன் உறவான குழல் மீன்களும் பாதுகாக்கப்பட்டவை. வலையில் செத்துக் கிடந்தது என்று ஒருவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எந்த உயிரை எடுக்கவும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். திலாப்பியாவுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் மீனும் முதுகெலும்புள்ள விலங்கு. உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் பெற்ற பிறகே தொட்டியில் மீனை விடுங்கள். வேலை முடிந்ததும் மிஞ்சிய மீனைக் கண்மாயிலோ கடலிலோ விடக்கூடாது.

தண்ணீர்: பாதி ஆய்வு இங்கேதான்

இந்தக் கரையில் புதிதாக வேலை தொடங்குபவர்கள் குறைவாக மதிப்பிடுவது தண்ணீரைத்தான். நன்னீர் என்று சொல்லி ஆழ்குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் நிரப்புவது நடக்கிறது. கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. அதில் வளர்ந்த குஞ்சை நன்னீர்க் குஞ்சு என்று எழுதினால் ஒப்பீடு முழுவதும் ஆட்டங்காணும். மறுபக்கம், ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றினாலும் தவறு. அயனியே இல்லாத நீர் குஞ்சுக்குத் தனியான ஒரு நெருக்கடி. தோலில் உள்ள உப்பு வாங்கும் செல்கள் அதற்கேற்ப மாறிவிடும்.

ஆர்.ஓ. அல்லது காய்ச்சி வடித்த நீரில் அளந்து உப்பைச் சேர்ப்பதே சரி. வரிக்குதிரை மீன் ஆய்வகங்கள் பயன்படுத்தும் இ3 கரைசல் இதற்குப் போதும். 10 லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.13 கிராம், இரு நீர் கொண்ட கால்சியம் குளோரைடு 0.49 கிராம், ஏழு நீர் கொண்ட மக்னீசியம் சல்பேட் 0.81 கிராம். பிஎச் 7-ஐ ஒட்டி வரும்படி சிறிது சோடியம் பைகார்பனேட். கால்சியத்தை விட்டுவிடாதீர்கள், அது குறைந்தால் செல்களுக்கிடையே கசிவு கூடும்.

கடல்நீரை நேராக எடுக்கலாம், ஆனால் அளந்துதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோர நீர் நீர்த்துப்போகும். கோடையில் ஆழமற்ற இடங்களில் 35 பிபிடியை (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) தாண்டும். எடுத்ததை வடிகட்டி இருட்டில் வைத்து, 35 பிபிடிக்குக் கொண்டுவாருங்கள். நன்னீர், கடல்நீர்த் தொட்டிகளோடு மூன்றாவதாக ஒரு நடுத்தரத் தொட்டியும் வேண்டும்; அதற்கு 12 பிபிடி வையுங்கள். அது மீனின் ரத்தச் செறிவுக்குக் கிட்டத்தட்டச் சமமான அளவு, ஊடுபரவல் சுமை (சவ்வு வழியே தண்ணீர் புகுவதும் போவதும் தரும் சுமை) மிகக் குறைவு. 35 பிபிடி கடல்நீர் 3.4 லிட்டரில் நன்னீர் 6.6 லிட்டர் கலந்தால் 10 லிட்டர் கிடைக்கும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை ஒவ்வொரு நாளும் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்ஜியத்துக்குச் சரிசெய்யுங்கள். வெயிலில் வைத்த கருவியின் அளவை நம்ப வேண்டாம்.

உப்புச் சமநிலை ஆய்வு இந்தக் கரைக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1947-இல் தொடங்கி, பிறகு மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1950-களில் தலைமை தாங்கிய என். கே. பணிக்கர், இறால்களின் ஊடுபரவல் ஒழுங்கை ஆராய்ந்து பெயர் பெற்றவர். நீங்கள் தொடுவது இந்த ஊரிலேயே வேர் உள்ள ஒரு துறை.

முட்டை எடுத்து வளர்த்தல்

ஆண் தொட்டி மணலில் குழி தோண்டும். இனப்பெருக்கக் காலத்தில் உடல் கறுத்து, தொண்டை வெளுத்துத் தெரியும். பெண் முட்டையிட்டதும் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். தாடை உப்பி, தீனி தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்ணைக் கண்டால் முட்டை வாயில் இருக்கிறது என்று அறியலாம். ஈரக் கையால் மெல்லப் பிடித்து, தலை கீழாகத் தண்ணீர்த் தட்டின்மேல் வைத்து, மழுங்கிய முனையால் கீழ்த்தாடையைத் திறந்தால் முட்டைகள் தட்டில் உதிரும். மஞ்சள் பழுப்பு நிறம், ஒரு பக்கம் குறுகிய வடிவம்.

தாய் வாய்க்குள் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருப்பாள். அதற்கு ஈடாக, அடியிலிருந்து மெல்லிய நீரோட்டம் வரும் கூம்புக் குடுவையில் வையுங்கள். வெளுத்த முட்டையை உடனே அகற்றுங்கள். பூஞ்சைக்கு மெத்திலீன் நீலம் போடும் வழக்கம் உண்டு. ஒளிர்சாயப் படம் எடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டும், பின்னணி ஒளியைக் கூட்டிவிடும். வெப்பநிலையைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து நாட்களில் பொரியும். கருவாக இருக்கும்போதே நன்னீரிலிருந்து கடல்நீருக்கு நேராக மாற்றினாலும் திலாப்பியா தாங்கும். பெரிய மீனை அப்படி மாற்றினால் பெரும்பாலும் செத்துவிடும். படிப்படியாகத்தான் பழக்க வேண்டும்.

ஒரு தாயின் முட்டைகளை மூன்று பங்காக்கி மூன்று தொட்டிகளுக்கும் அனுப்புங்கள். பிறகு வேறொரு தாய், மற்றொரு தாய். ஒரே தாயின் ஐம்பது குஞ்சுகள் புள்ளியியலில் ஐம்பது ஆகாது. அது ஒரு குடும்பம், அவ்வளவே. மாதிரி எடுக்கும்போது மணிக்கணக்கை மட்டும் நம்பாமல், மஞ்சள்கருவின் அளவு, துடுப்பின் வளர்ச்சி, கண்ணின் நிறம் ஆகியவற்றைக் குறித்து, ஒரே வளர்ச்சிப் படியில் உள்ளவற்றை ஒப்பிடுங்கள். உப்புநீர் வளர்ச்சியின் வேகத்தை மாற்றக்கூடும்.

நிலைப்படுத்தலும் சீவலும்

குஞ்சை பிஎச் சமன்செய்த மயக்க மருந்தில் முழுமையாக மயக்கிய பிறகு, திசு கெடாமல் நிலைப்பட, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு கொண்ட பாஸ்பேட் கரைசலில் 4 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வையுங்கள். கடல்நீர்க் குஞ்சுகளை அதில் போடும் முன் ஒரு முறை அலசுங்கள். பாஸ்பேட்டும் கடல்நீரின் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தால் வெள்ளையாகப் படிந்து தோலில் ஒட்டும்.

மஞ்சள்கரு பெரிய தலைவலி. சீவலுக்காகப் பதிக்கும் பாரஃபின் மெழுகில் அது கெட்டிப்பட்டு, கத்தி படும்போது பொடிந்து, பக்கத்துத் திசுவையும் கிழிக்கும். நிலைப்படுத்திய பிறகு, நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ஊசியால் மஞ்சள்கருப் பையைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். முதுகுப்பக்கத்தைத் தொடாதீர்கள், சிறுநீரகம் அங்கே இருக்கிறது. குஞ்சைத் தலை கீழாக நிறுத்தி மெழுகில் பதித்தால் குறுக்குச் சீவல்கள் ஒழுங்காக வரும். 5 மில்லிமீட்டர் குஞ்சை 5 மைக்ரான் தடிமனில் சீவினால் 1,000 சீவல்கள். பத்துக்கு ஒன்று எடுத்தாலும், தலையிலிருந்து எத்தனையாவது என்று ஒவ்வொரு கண்ணாடியிலும் பென்சிலால் எழுதுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் குழலின் எந்தப் பகுதியைப் பார்க்கிறீர்கள் என்று பிறகு சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் மெழுகு இளகிச் சீவல் நாடா சுருளும். மெழுகுக் கட்டையைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிர்வித்துச் சீவுங்கள்.

ஒவ்வொரு குஞ்சிலிருந்தும் சில சீவல்களைப் பிஏஎஸ் சாயத்துக்கு ஒதுக்குங்கள். அண்மைப் பகுதிச் செல்களின் உட்குழி விளிம்பில் உள்ள தூரிகை விளிம்பு அடர் இளஞ்சிவப்பாகத் தெரியும். சேய்மைப் பகுதியில் அது இருக்காது. மலிவான சாயம்தான், ஆனால் பகுதிகளைப் பிரித்தறிய இதைவிட நம்பகமான முதல் வழி இல்லை.

ஆன்டிபாடி

குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுதான் ஆன்டிபாடி; ஒளிர்சாயம் ஏற்றிய இரண்டாம் ஆன்டிபாடி அதில் ஒட்டும்போது அந்த இடம் ஒளிரும். அயோவா பல்கலைக்கழகத்தில் உள்ள ஹைப்ரிடோமா வங்கியிலிருந்து (ஆன்டிபாடி உண்டாக்கும் செல்களைச் சேமிக்கும் இடம்) இரண்டு ஆன்டிபாடிகளைத்தான் மீன் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். ஆல்ஃபா5, கோழியின் சோடியம்-பொட்டாசியம் பம்புக்கு எதிராக உருவாக்கப்பட்டது. மீனிலும் நன்றாகப் பிடிக்கிறது. டி4, மனிதக் குடல் செல்லில் உள்ள, என்கேசிசி2-இன் உறவுப் புரதமான என்கேசிசி1-க்கு எதிராக உருவாக்கப்பட்டது. இது மீனில் என்கேசிசி1, என்கேசிசி2, என்சிசி மூன்றையும் பிடிக்கும்.

டி4 ஒளிர்ந்தால் மூன்றில் எது? திலாப்பியாவின் மஞ்சள்கருப் பைத் தோலில் ஜுன்யா ஹிரோய் குழுவினர் 2005-இல் இந்தக் கேள்வியை எதிர்கொண்டார்கள். சில செல்களில் டி4 வெளிப்பக்கத்து முனையில் மட்டும் ஒளிர்ந்தது. வேறு செல்களில் ரத்தப் பக்கம் முழுவதும் ஒளிர்ந்தது. முதல் வகை நன்னீரில் உப்பை வாங்கும் செல், இரண்டாம் வகை கடல்நீரில் உப்பை வெளியேற்றும் செல். 2008-இல் தனித்தனி ஆன்டிபாடிகளைக் கொண்டு, முன்னதில் இருப்பது என்சிசி வகை, பின்னதில் இருப்பது என்கேசிசி1 என்று உறுதிசெய்தார்கள். எதிரெதிரான இரண்டு வேலைகளை ஒரே ஆன்டிபாடியில் பிரித்துக் காட்டியது, ஒளிர்ந்த பக்கம்தான்.

சிறுநீரகத்துக்கும் இதே ஒழுக்கம் பொருந்தும். இரண்டும் சுண்டெலியில் உருவாக்கப்பட்ட ஆன்டிபாடிகள் என்பதால் ஒரே சீவலில் சேர்த்துப் போட முடியாது. இரண்டாம் ஆன்டிபாடி இரண்டையும் பிடித்துவிடும். அடுத்தடுத்த சீவல்களில் ஒன்றுக்கு ஆல்ஃபா5, அடுத்ததற்கு டி4 என்று மாற்றிப் போடுங்கள். முதல் ஆன்டிபாடி போடாத ஒரு சீவல் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். செவுள் அல்லது தோல் உள்ள சீவல் உங்கள் நேர்மறைச் சான்று. அங்கே ஒளி வராமல் சிறுநீரகத்தில் மட்டும் வந்தாலோ, அங்கே வந்து சிறுநீரகத்தில் வராவிட்டாலோ, அதைப் பொறுத்து முடிவு மாறும்.

வாங்கியதும் சிறு குழாய்களில் பிரித்து வைத்துவிடுங்கள். மின்வெட்டில் உறைபெட்டி இளகி மீண்டும் உறைவது ஆன்டிபாடியைக் கெடுக்கும்.

படத்தை வாசித்தல்

குறுக்குச் சீவலில் முதுகுத்தண்டுக்குக் கீழே, குடலுக்கு மேலே, இடமும் வலமுமாக இரண்டு சிறு வளையங்களைத் தேடுங்கள். ஒவ்வொரு வளையமும் ஒரு வரிசைச் செல்கள். நடுவில் இருண்ட உட்குழி. ஆல்ஃபா5 போட்ட சீவலில் செல்லின் வெளிப்பாதி அடர்த்தியாக ஒளிரும். ரத்தப் பக்கச் சவ்வு உள்நோக்கி மடிந்து மடிந்து கிடப்பதால் ஒரு கோடாக இல்லாமல் பட்டையாகத் தெரியும். உட்கருக்கள் நீலமாக நடுவே நிற்கும். உட்குழி விளிம்பு இருண்டிருக்கும். அடுத்த சீவலில் டி4 அந்த விளிம்பில் மட்டும் மெல்லிய வட்டக் கோடாக ஒளிர்ந்தால், சேய்மைப் பகுதியில் இருக்கிறீர்கள். இது முன்பகுதியின் என்கேசிசி2-ஆ, பின்பகுதியின் என்சிசி-ஆ என்பதைச் சீவலின் எண்ணையும் ஸ்டானியஸ் உறுப்பின் இடத்தையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

ஒளியின் வலிமையை அளப்பதற்குமுன், மூன்று கேள்விகளுக்கான விடையை எழுதிக்கொள்ளுங்கள்: தலையிலிருந்து எத்தனையாவது சீவல், பிஏஎஸ் என்ன சொல்கிறது, எந்தப் பக்கம் ஒளிர்கிறது. எந்தத் தொட்டியின் குஞ்சு என்று தெரியாதபடி, நண்பர் ஒருவரைக் கொண்டு கண்ணாடிகளுக்குக் குறியெண் இடச் செய்து பாருங்கள். நன்னீரில் பிரகாசமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கண்ணை ஏமாற்றும்.

கடல்நீர்க் குஞ்சில் டி4 கோடு மங்கினால் அவசரப்பட்டு எழுத வேண்டாம். புரதம் குறைந்ததா, பகுதியே குறுகியதா, அல்லது வெட்டு வேறு இடத்தில் விழுந்ததா என்று பிரித்துப் பார்க்க, டி4 கோடு தெரியும் முதல் சீவலையும் கடைசிச் சீவலையும் குறித்து, அந்தப் பகுதியின் நீளத்தைக் கணக்கிடுங்கள். பத்துக்கு ஒன்று எடுத்தால், இரண்டு சீவல்களுக்கு இடையே 50 மைக்ரான்.

மரபணு அளவீடும் செயல்பாட்டுச் சோதனையும்

குஞ்சு முழுவதையும் அரைத்து மரபணு வெளிப்பாட்டை அளந்துவிட்டால் எளிதாக முடிந்துவிடுமே என்று தோன்றும். நான் அதை முதல் வழியாகப் பரிந்துரைப்பதில்லை. செவுள் முழுமையாக வளரும் முன், குஞ்சின் உப்பு வேலையில் பெரும்பகுதியைத் தோலும் மஞ்சள்கருப் பையின் சவ்வும் செய்கின்றன. அரைத்த கலவையில் சிறுநீரகத்தின் குரல் அமிழ்ந்துவிடும். அளக்கத்தான் வேண்டுமென்றால் எந்த மரபணு என்பதில் கவனம் தேவை. என்சிசி குடும்பத்தில் சிறுநீரகத்துக்கு உரியது எஸ்எல்சி12ஏ3. தோல் செல்களில் உப்பு வாங்குவது எஸ்எல்சி12ஏ10. மரபணுவைத் தேடிப் பிடிக்கும் பிரைமர் இரண்டையும் பிடித்தால் உங்கள் எண்ணுக்குப் பொருள் இல்லை.

புரதத்தைக் கண்ட பிறகு, அது வேலை செய்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஒளிரும் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியை ரத்தத்தில் செலுத்தி, சிறிய மூலக்கூறு குழலுக்குள் வருகிறதா, பெரியது ரத்தத்திலேயே தங்குகிறதா என்று பார்ப்பது வடிகட்டலுக்கான சோதனை. நன்னீரில் சிறுநீரகம் பழுதானால் தண்ணீர் வெளியேறாமல் இதயத்தைச் சுற்றியும் வயிற்றிலும் நீர் கோத்து குஞ்சு உப்பும். ஆனால் இதயம் பழுதானாலும் அதே உப்பல்தான் வரும். எனவே இதயத் துடிப்பையும் ரத்த ஓட்டத்தையும் அதே குஞ்சில் பார்த்துக் குறிக்காமல், உப்பலைச் சிறுநீரகக் கணக்கில் எழுதக்கூடாது.

இவ்வளவும் கைவந்த பிறகு அடுத்த திட்டம் காத்திருக்கிறது: நன்னீரில் வளர்ந்த குஞ்சைக் கடல்நீருக்கு மாற்றி, 6, 24, 72 மணி நேரத்தில் சீவல் எடுத்து, முதலில் மாறுவது தோலா சிறுநீரகமா என்று பார்ப்பது. அதற்கு, கடல்நீருக்கு மாற்றப்படாமல் அதே நேரத்தில் நன்னீரிலிருந்து நன்னீருக்கே வேறு குடுவையில் மாற்றிய குஞ்சுகளும் வேண்டும். கையாண்டதால் வந்த மாற்றத்தை உப்பால் வந்த மாற்றத்திலிருந்து பிரிக்க வேறு வழியில்லை.